எஞ்சினை அணைத்த படகு

என் பள்ளித் தோழன் காத்தவராயன் எஞ்சினை அணைத்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புதுப் படகு. பெயின்ட் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடித்தன. கரையில் புதுச்சேரி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கலங்கரை விளக்கம் அதில் ஒரு குச்சி. சற்று முன்புவரை தடதடவென்று அதிர்ந்துகொண்டிருந்த படகு இப்போது மெல்ல ஆடியது. அடிப்பக்கத்தில் தண்ணீர் மோதுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

வலையைப் போட்டாயிற்று. இனிக் காத்திருக்க வேண்டியதுதான் என்று காத்தவராயன் ஒரு பீடியைப் பற்றவைத்தான். அவன் மருமகன் சேகர் ஒரு மூலையில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தான். கடலுக்குப் போகிறவர்களுக்கு நாளில் நிம்மதியான நேரம் இதுதான். நான் மட்டும் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எஞ்சின கொஞ்சம் போட்டு வையேன்டா," என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா. சத்தம் இருக்கட்டும்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாடா ஆச்சு ஒனக்கு? டீசல் விக்கிற வெலையில சும்மா நிக்க வெச்சு ஓட்ட சொல்ற."

வாழ்நாளில் பெரும்பகுதியைக் கடலுக்கு அடியில் கழித்தவன் நான். பட்டப்பகலில், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடக்கிற இரண்டு பேர் பக்கத்தில் இருந்தும் நான் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்களுக்குக் கீழே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இருந்தால் அதற்கு நாங்கள் இருப்பதே தெரியாது. அது மேலே வந்தால் எங்கள் கதி என்ன என்பது அந்தப் படகில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கப்பலில் என் மகன் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

கரூர் வாசகர் கேட்டது

இந்தப் பத்திரிகைத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, கடலுக்கு அடியில் என்ன சாப்பிடுவீர்கள், எப்படிக் குளிப்பீர்கள் என்ற ரகம். (குளிக்க மாட்டோம்.) கரூரிலிருந்து ஒரு வாசகர் மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தார். "நீங்கள் எழுதுவதைப் படித்தால் உங்களுக்குப் பயம் என்பதே வந்ததில்லை போலிருக்கிறதே, உண்மையா?" என்று.

உண்மை இல்லை ஐயா. பயம் வராத ஆளை நீர்மூழ்கியில் வைத்துக்கொள்ளவே மாட்டார்கள். பயமில்லாதவன் ஒரு வால்வை மூட மறந்தால் அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். பயந்தவன் இரண்டு தடவை பார்ப்பான். நான் மூன்று தடவை பார்க்கிற ரகம்.

ஓய்வு பெறும்போது நான் கமடோர், கேப்டனுக்கு ஒரு படி மேல். ஆனால் முதலியார்பேட்டையில் எனக்கு அந்தப் பட்டம் ஒட்டவில்லை. மளிகைக்கடைக்காரர் முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோருக்கும் நான் கேப்டன்தான். அந்தக் கேப்டன் ஊர் திரும்பி இத்தனை வருஷமாகியும் ஒருநாள்கூடத் தன் படகில் காலை வைக்கவில்லை என்பது காத்தவராயனின் குறை. நானும் ஒவ்வொரு முறையும் முதுகுவலி, கண் ஆபரேஷன், உறவில் கல்யாணம் என்று ஏதாவது சாக்கு வைத்திருப்பேன்.

தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வாங்கப் போனால் ஏலம் விடுகிற பெண்கள் எதிரிலேயே அவன் கிண்டலை ஆரம்பித்துவிடுவான். "கப்பலு ஓட்டின கேப்டனுக்குப் படகுன்னா பயமாம்" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வஞ்சிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவன் கிண்டலாகச் சொன்னது நிஜம் என்று அவனுக்குத் தெரியாது.

இந்த முறை தப்பிக்க முடியவில்லை. புதுப் படகுக்குப் பூஜை போட்டு, முதல் பாட்டுக்கு, அதாவது முதல் வலை போட, நான் வந்தே ஆகவேண்டும் என்று வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டான்.

சன்னல் இல்லாத கப்பல்

என் அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஆலைச் சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்திருக்கும், சங்கு ஊதினால் தெருவே சாப்பிடும். நானும் மில்லுக்குத்தான் போவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் வேறு ஆசை இருந்தது. எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அவர் சாயங்காலம் கடற்கரைக்கு நடந்துபோகிற அழகைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை பட்டாளத்துக்குப் போனால் இப்படித்தான் திரும்பி வருவான் என்று அம்மா நம்பினாள்.

நான் இந்தியக் கடற்படையில் சேர்ந்தேன். கப்பல் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தேன். நீர்மூழ்கிக்குத் தேர்வான விஷயத்தை மறைத்தேன். எதிர்வீட்டுச் சொல்தாதான் போட்டு உடைத்தார். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அம்மா எனக்குத் தோசை வார்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"தண்ணிக்குள்ள போற கப்பலாமே. சன்னல் இருக்குமா?"

"இல்லம்மா."

"அப்ப எப்பிட்றா வழி தெரியும்?"

காதால் கேட்டுத்தான் போவோம் என்றேன். அன்றைக்குத் தோசை எல்லாம் கருகிப்போயிற்று.

அவளிடம் நான் சொன்னது பொய்யில்லை. ஆழத்தில் எங்களுக்குக் கண் கிடையாது. சோனார் அறையில் ஒருவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சரக்குக் கப்பலுக்கு ஒரு சத்தம், விசைப்படகுக்கு ஒரு சத்தம், திமிங்கிலத்துக்கு ஒரு சத்தம். இறால் கூட்டம் வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி கேட்கும். அவர் சொல்வதை வைத்துத்தான் மேலே என்ன இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

ஆழத்தில் இருக்கும்போது எனக்குப் பயம் வந்ததே இல்லை. மேலே வரும்போதுதான் வரும். பெரிஸ்கோப்பை நீட்டிப் பார்க்கிற உயரத்துக்குக் கப்பலைக் கொண்டுவருவதற்கு முன் நாலாபக்கமும் கேட்போம். கப்பலை உந்துகிற சுழலி பின்பக்கத்துச் சத்தத்தை மறைத்துவிடும் என்பதால் கப்பலையே திருப்பி வைத்துப் பின்பக்கமும் கேட்போம். எல்லாம் கேட்ட பிறகும் ஒரே ஒரு பொருள் எங்களுக்குக் கேட்காது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா மிதக்கிற மீன்பிடிப் படகு.

உலகத்தில் எந்தக் கடற்படையிடமும் அதற்கு முழு மருந்து கிடையாது. சத்தமே போடாத பொருளை எந்தக் காதால் கேட்பது? ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரும்பு ஒன்று கீழிருந்து ஏறி வரும். மேலே மூன்று பேர் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

காத்தவராயன் வீட்டுத் தட்டு

காத்தவராயனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இப்போதிருக்கிற மீன்பிடித் துறைமுகம் அப்போது வரவில்லை. கரையிலிருந்தே படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டு போவார்கள். லீவு நாளில் அவன் அப்பா எங்களையும் ஏற்றிக்கொள்வார்.

வலையை வளைத்துப் போட்டதும் அவர் துடுப்பை எடுத்துப் படகின் பக்கப் பலகையில் தட்டுவார். சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற மீன் வலையில் போய் ஏறும். எல்லோரும் தட்டுவதுதான், ஆனால் அவர்கள் குடும்பத்துக்கென்று ஒரு தட்டு இருந்தது. தக் தக் என்று இரண்டு, பிறகு கொஞ்சம் தாமதித்து, கனமாக ஒன்று. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, அவருடைய அப்பா அப்படித் தட்டினார் என்றார். காத்தவராயனும் அப்படியே தட்டக் கற்றுக்கொண்டான். எனக்குச் சோறு போட்ட சத்தம் என்று அதைச் சொல்லலாம். அன்றன்றைக்கு ஏறின மீனை அன்றன்றைக்கே அவன் அம்மா எனக்கும் குழம்பு வைத்துப் போடுவாள்.

ஒருநாள் வலை திடீரென்று இழுபட்டது. பெரிய திருக்கை ஒன்று மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கயிற்றை அறுக்கச் சொல்லி நான் கத்தினேன். அவன் அப்பா அறுக்கவில்லை. கயிற்றைக் கொண்டுபோய்ப் படகின் முன்கட்டையில் இறுக்கிக் கட்டினார். "இழுக்கட்டும். அதுக்கே கை ஓயும்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். பெரியது எது மாட்டினாலும் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள். வலையை அறுக்க மனசு வராது. படகோடு கட்டிவிட்டு, இழுக்கிறது ஓய்கிறவரை கூடவே போவார்கள்.

திருக்கை ஓயும். நீர்மூழ்கிக் கப்பல் ஓயாது.

தக் தக்... தக்

ஒரு நீர்மூழ்கி என் பொறுப்புக்கு வந்த புதிது. இந்தக் கீழைக் கடலில்தான் ஒரு பயிற்சியில் இருந்தோம். இன்ன இடம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் குழம்பில் கொதிக்கிற மீன் அந்தத் தண்ணீரிலும் நீந்தியிருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காலை நேரம். ரேடியோவில் செய்தி வாங்குவதற்காக மேலே வரவேண்டியிருந்தது. சோனாரில் குர்தீப் என்ற பஞ்சாபிக்காரர் இருந்தார், அருமையான காது. நாலாபக்கமும் கேட்டார். கப்பலைத் திருப்பினேன், பின்பக்கமும் கேட்டார். தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலைத் தவிர ஒன்றுமில்லை என்றார். மேலே கொண்டுவர உத்தரவு கொடுத்தேன்.

ஏறிக்கொண்டிருக்கும்போது அவர் மறுபடி பேசினார். ஏதோ விட்டுவிட்டுத் தட்டுகிற மாதிரி கேட்கிறது, கடல் பிராணியாக இருக்கலாம் என்றார். அப்படி எத்தனையோ கேட்கும். இருந்தாலும் நான்தான் மூன்று தடவை பார்க்கிற ரகமாயிற்றே. எழுந்துபோய் அவர் காதில் இருந்ததை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

தக் தக். தக்.

சத்தம் வருகிற திசையைக் காட்டுகிற முள் ஒரு பக்கமாக நிற்காமல் இங்கும் அங்கும் அலைந்தது. அப்படி அலைந்தால் சத்தம் நேர் மேலே இருக்கிறது என்று அர்த்தம்.

உடனே கீழே போக உத்தரவிட்டேன். கப்பலைக் கனமாக்க அவசரத் தொட்டிக்குள் தண்ணீரை வாங்கினோம். ஆனால் அத்தனை பெரிய உடம்பு ஏறுகிற வேகத்தில் சொன்னவுடன் திரும்பிவிடாது. இன்னும் கொஞ்சம் ஏறி, யோசித்து, பிறகுதான் இறங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேல், கப்பலின் முதுகில், ஏதோ உரசிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. சர்ர்ரென்று முன்னாலிருந்து வந்து நடுவில் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே இரும்புக் கூரையைத் தவிர ஒன்றும் தெரியாது, இருந்தும் பார்த்தார்கள்.

"வலை," என்றேன்.

என் இரண்டாம் அதிகாரி விவரமானவர். வேகமெடுத்து ஆழத்துக்குப் போய்விட்டால் வலை கிழிந்துவிடும், நாம் தப்பிவிடலாம் என்று மெதுவான குரலில் சொன்னார். கப்பலைப் பற்றி மட்டும் யோசித்தால் அவர் சொன்னது சரி. வலை சுழலியில் சுற்றிக்கொண்டால் நாங்கள் அங்கேயே மாட்டிக்கொள்வோம், அது அவருடைய பயம்.

எனக்கு வேறு பயம். மேலே இருக்கிறவர்கள் இந்நேரம் கயிற்றைப் படகில் கட்டியிருப்பார்கள். ஏதோ பெரிய மீன் என்று நினைத்து, இழுக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் இறங்கினால் படகின் மூக்கு தண்ணீருக்குள் போகும். கயிறு அறுவதற்கு முன்னால் படகு கவிழும்.

அந்தத் தட்டு எனக்குத் தெரிந்து ஒரே குடும்பத்துத் தட்டு.

இறங்கவும் கூடாது, ஏறவும் கூடாது

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். இறங்குவதையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். ஓடாத நீர்மூழ்கியை ஒரே ஆழத்தில் நிறுத்தி வைப்பது கம்பி மேல் நிற்கிற வேலை. கொஞ்சம் கனமானால் இறங்கிக்கொண்டே போகும். கொஞ்சம் லேசானால் படகின் அடியில் போய் முட்டும்.

இப்போதுதான் உள்வாங்கிய தண்ணீரோடு கப்பல் கனமாக இருந்தது. மெல்ல இறங்கியது. இறங்க இறங்க மேலே கயிறு இழுபட்டுக் கிரீச்சிடுவது வெறும் காதுக்கே கேட்டது. பம்ப் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினோம். ஆழமானியின் முள்ளை அத்தனை பேரும் கண்கொட்டாமல் பார்த்தோம். அது இன்னும் இறங்கியது. கயிறு இன்னும் முனகியது.

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

குர்தீப் என்னைத் திரும்பிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினார். மேலே என்ன நடக்கிறது? கட்டையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறார்களா? தண்ணீரில் விழுந்துவிட்டார்களா? என் கண்ணுக்குக் காத்தவராயன் தெரிந்தான், ஒரு காலை மடக்கிப் பலகையில் உட்கார்ந்தபடி. போன விடுமுறையில்தான் அவன் பெண் குழந்தைக்குக் காது குத்தினார்கள். நான் போய்ப் பந்தியில் சாப்பிட்டு, தாய்மாமன் வர நேரமாயிற்று என்று குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குழந்தையின் அப்பாவை நான் கீழே இழுத்துக்கொண்டிருந்தேன்.

பம்பை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

முள் நின்றது. நின்று, ஒரு மயிரிழை ஏறியது. கிரீச்சிடுகிற சத்தம் குறைந்தது. பிறகு கப்பலின் முதுகில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. நீரோட்டம் வலையை உருவியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒன்றுமில்லை.

வலை கழன்றதா, படகே போய்விட்டதா என்று சொல்ல எங்களிடம் கண் இல்லை. காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் அனுபவித்ததில்லை. குர்தீப்பின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார்.

கண்ணைத் திறந்து, கருவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

தக் தக். தக்.

போன உயிர் திரும்பி வந்தது. குர்தீப் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சட்டை முழுக்க நனைந்திருந்தது. மெல்ல விலகிப்போய், வெகுதூரத்தில் மேலே வந்து பெரிஸ்கோப்பில் பார்த்தேன். சின்னதாக ஒரு படகு. இரண்டு பேர் குனிந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. நடந்ததை முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவித்தேன்.

அடுத்த விடுமுறையில் பெட்டியை வீட்டில் போட்டதும் நேராகக் காத்தவராயனைத் தேடிப் போனேன். கரையில் உட்கார்ந்து வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். சமீபத்தில் வலை ஏதாவது போயிற்றா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். வலை போகாத மாசம் எது, கப்பல்காரன் கிழிப்பான், சுறா கிழிக்கும், நீ இன்னாத்துக்கு அதையெல்லாம் கேட்கிறாய் என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவன் உயிரோடு உட்கார்ந்து என்னைத் திட்டியதே எனக்குப் போதுமாக இருந்தது.

மாலதியின் கேள்வி

என் மகன் செழியனும் கடற்படைக்குப் போனான். போகட்டும் என்றேன். அவனும் நீர்மூழ்கியைத் தேர்ந்தெடுத்தபோது ஊரெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்றார்கள். என் மனைவி மாலதி மட்டும் சந்தோஷப்படவில்லை. இத்தனை வருஷம் நீங்கள் போனீர்கள், நான் காத்திருந்தேன், இனிமேல் இரண்டு பேருமாகக் காத்திருக்கலாம் என்று மறுநாள் சொன்னாள்.

அவள் சொன்னதன் கனம் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீழே இருக்கிறவனுக்குச் செய்ய வேலை இருக்கிறது. கரையில் இருக்கிறவனுக்குப் பயப்படுவதைத் தவிர வேலை இல்லை.

செழியனின் போன் அணைந்து பல வாரமாகியிருந்தது. போன் அணைந்தால் கடலில் இருக்கிறான் என்று அர்த்தம். எங்கே என்று எனக்கும் சொல்ல மாட்டான், சொல்லவும் கூடாது. "இப்ப எங்கங்க இருப்பான்?" என்று மாலதி தினமும் காப்பி கொடுக்கும்போது கேட்பாள். எங்கேயாவது நன்றாகத்தான் இருப்பான் என்பேன். காத்தவராயன் கூப்பிட வந்த அன்றும் கேட்டாள், அதே பதிலைச் சொல்லிவிட்டுத்தான் படகேறினேன்.

துடுப்பு

ஆக, கரூர் வாசகரே, அந்தப் படகில் நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதனால்தான். மேலே வருகிறவன் என் மகனாக இருந்தால்? அவன் எல்லாத் திசையும் கேட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு ஏறி வந்தால்? அவன் வாழ்நாளெல்லாம் சுமக்கப்போவது எங்கள் மூன்று பேரையுமா?

"தட்டலயா?" என்று கேட்டேன்.

"எத?"

"துடுப்பால. ஒங்கப்பா தட்டுவாரே."

காத்தவராயன் சிரித்தான். அதெல்லாம் இப்போது யார் தட்டுகிறார்கள் என்று கேட்டு, எஞ்சின் பக்கத்தில் பொருத்தியிருந்த சின்னத் திரையைக் காட்டினான். மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். மீன் இருக்கிற இடத்தில் வலையைப் போட்டால் போதுமாம். அது ஓடினால் அதன் சத்தமாவது கீழே கேட்கும்; பேட்டரி தீர்ந்துவிடும் என்று, வலை போட்டதும் அதையும் அணைத்து வைத்திருந்தான். அவனுடைய படகில் மட்டுமில்லை, துறைமுகத்தில் எந்தப் படகிலும் யாரும் தட்டுவதில்லை என்றான்.

அன்றைக்கு எங்களுக்குக் கேட்ட ஒரே சத்தம் அதுதான். அதுவும் இல்லையென்றால் இந்தக் கடலெங்கும் எத்தனை படகுகள் இப்படி மூச்சுக் காட்டாமல் மிதக்கின்றன? கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே நாலைந்து தெரிந்தன. எல்லாம் எஞ்சினை அணைத்தவை.

இப்போதைய கருவிகள் என் காலத்துக் கருவிகளைவிட எவ்வளவோ மேல், செழியனும் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

எஞ்சின் மக்கர் செய்தால் உதவும் என்று படகின் ஓரத்தில் ஒரு துடுப்பு கிடந்தது. அதை எடுத்தேன். படகின் பக்கத்தில் தட்டினேன். இரண்டு, பிறகு ஒன்று. வாயில் கஞ்சியோடு சேகர் திரும்பிப் பார்த்தான். கேப்டன் மாமாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

"டேய், இன்னா பண்ற நீ?" என்றான் காத்தவராயன்.

நான் நிறுத்தவில்லை. அவன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பீடியைத் தண்ணீரில் போட்டான்.

"செழியன் கடல்லயா இருக்கான்?"

"ஆமா."

"இங்கயா?"

"தெரியலடா."

அவன் தண்ணீரைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற தண்ணீரை, அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான். மெல்ல நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அங்க தட்டாத. மேல தட்டினா காத்துல பூடும். தண்ணி தொட்ற எடத்துல தட்டு."

குனிந்து, அவன் காட்டிய இடத்தில் தட்டினேன். சத்தம் மாறியது. மங்கலாக, கனமாக, கீழே இறங்கிப் போகிற சத்தம். அதைத்தான் நான் அன்றைக்குக் கேட்டேன். கை வலிக்கிறவரை தட்டினேன். எழுபதைத் தொடப்போகிற கை, எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

காத்தவராயன் துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். படகுக்கு வெளியே நன்றாகச் சாய்ந்து, தட்ட ஆரம்பித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கீழே எங்கோ ஒரு பிள்ளை காதில் கருவியை மாட்டிக்கொண்டு இதைக் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தக் தக் என்று இரண்டு விழுந்தன. மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். அது கொஞ்சம் தாமதித்துத்தான் விழுந்தது.